முன் ஆக்சிலில் ஒழுகல், கூடவே ஒரு சத்தம்: பழைய வண்டியில் எங்கே தேடத் தொடங்குவது?

செகண்ட் ஹேண்டில் ஒரு 4×4 வண்டி வாங்கிய மூன்றாம் நாள், நிறுத்தியிருந்த இடத்தில் இடது முன்சக்கரத்தின் உள்பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அதே வாரம், வேகம் ஐம்பதைத் தாண்டினால் முன்பக்கத்திலிருந்து 'ஊம்ம்' என்று ஓர் இரைச்சல். ஒழுகுகிறது, சத்தமும் வருகிறது. ஆயில் வற்றி உள்ளே பல்சக்கரம் தேய்கிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பட்டறையில் இடது ஆக்சில் சீலை (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) மாற்றினார்கள். ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகியது. மறுபடி மாற்றினார்கள், மறுபடி ஒழுகியது. கடைசியில் பார்த்தால், ஆக்சிலின் மூச்சுக்குழாய் முனையில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. சத்தமோ வலது சக்கரத்து பேரிங். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அதற்குப் பிறகு ஒழுகலையும் சத்தத்தையும் நான் தனித்தனி வழக்காகத்தான் விசாரிக்கிறேன். சில சமயம் இரண்டும் ஒரே இடத்தில் போய் முடியும். அது விசாரணையின் முடிவில் தெரிய வேண்டியது, ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டியதில்லை.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

இது தெரியாமல் அடியில் படுத்தால் பார்ப்பது எதுவும் புரியாது.

ஒரே இரும்புக் குழாய் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஓடி, நடுவில் அல்லது சற்றே ஒரு பக்கமாகப் பூசணிக்காய் போல டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) புடைத்திருந்தால் அது சாலிட் ஆக்சில். இதிலும் இரண்டு உண்டு. சக்கரத்தருகே திரும்பும் இடத்தில் ஷாஃப்டின் யு.ஜே. கிராஸ் (மடங்கியபடியே சுழலவிடும் சிலுவை வடிவ மூட்டு) வெளியே தெரிந்தால் திறந்த நக்கிள்; நக்கிள் என்பது சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பகுதி. ஜீப் ரேங்ளர் இந்த வகை. அந்த இடத்தில் பளபளவென்று பாதி உருண்டை ஒன்று தெரிந்தால் மூடிய நக்கிள். லேண்ட் குரூசர் 80 வரிசையும் சுசுகி ஜிம்னியும் இப்படித்தான். ஜாயிண்ட் அந்த உருண்டைக்குள் கிரீஸில் மூழ்கிக் கிடக்கும்.

டிஃபரன்ஷியல் வண்டியின் சட்டத்தோடு பொருத்தப்பட்டு, இரு பக்கமும் ரப்பர் பூட் (மடிப்புள்ள உறை) போட்ட டிரைவ் ஷாஃப்ட் போனால் அது இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். முன்சக்கர இயக்கக் கார்களில் தனி ஆக்சிலே கிடையாது. டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது, ஆகவே அங்கே ஷாஃப்ட் சீலில் ஒழுகினால் போவது கியர்பாக்ஸ் ஆயில். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி என்றால் முன்னால் ஆயில் நிரப்பிய ஆக்சில் எதுவும் இல்லை, ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) கிரீஸ் மட்டும்தான். அங்கே எண்ணெய் ஒழுகினால் அது வேறு எங்கிருந்தோ வந்த விருந்தாளி.

கறை என்ன சொல்கிறது?

பெரிய அட்டை ஒன்றை இரவில் முன்பக்கத்துக்கு அடியில் விரித்து, சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்று அதில் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்பதும், எது விழுந்திருக்கிறது என்பதும் தெரியும். விரலில் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பாருங்கள்.

கெட்டியாக, அழுகிய முட்டையை நினைவூட்டும் கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பல் மீது பல் வழுக்கும்போது உலோகம் உரசாமல் காக்கச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் கலவைகளின் வாடை அது. ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள், துணியிலிருந்தும் அவ்வளவு சுலபத்தில் போகாது. டிஃபரன்ஷியல்தான் சந்தேகத்துக்குரிய இடம்.

சிவப்பாக, நீர்த்து, வழவழப்பாக இருந்தால் பவர் ஸ்டியரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஸ்டியரிங் பெட்டி பல வண்டிகளில் முன் ஆக்சிலுக்கு நேர் மேலே இருக்கிறது. அது சொட்டுவது ஆக்சில் குழாயின் மேல் விழுந்து, குழாய் வழியே ஓடி, சக்கரத்தருகே தரையில் விழும். ஆக்சில் சீல் பழி சுமக்கும். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் என்ஜின் ஆயில். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத்தில் இனிப்பு வாடை என்றால் கூலண்ட்.

நிறமே இல்லாமல் அல்லது வெளிர்மஞ்சளாக, தண்ணீர் போல் நீர்த்து, சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். பிரேக் ஆயில் டப்பாவின் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இறங்கியிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், வண்டியை எடுக்கவும் வேண்டாம். இழுவை வண்டியை வரவழையுங்கள்.

சொட்டே இல்லை, ஆனால் சக்கரத்தின் உள்வளையத்திலும் சஸ்பென்ஷன் மேலும் கறுப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கிறது என்றால் சி.வி. ஜாயிண்டின் (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் சீராகச் சுழற்றும் மூட்டு) ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

ஒழுகும் இடத்தைப் பிடிப்பது

எண்ணெய்க்கு இரண்டு எஜமானர்கள்: கீழே இழுக்கும் புவியீர்ப்பும், ஓடும்போது பின்னால் தள்ளும் காற்றும். ஆகவே சொட்டும் இடம் பெரும்பாலும் மூலத்துக்குக் கீழேயும் பின்னேயும்தான் இருக்கும். நனைந்திருக்கும் பகுதியில் மிக மேலே, மிக முன்னே எது என்று தேடுங்கள்.

பழைய வண்டியில் அடிப்பகுதி முழுக்கச் சேறும் எண்ணெயும் கலந்து அப்பியிருக்கும். அதில் எதுவும் தெரியாது. டிகிரீசர் போட்டு நன்றாகக் கழுவி, உலரவிட்டு, சந்தேகப்படும் மூட்டுகளில் டால்கம் பவுடரைத் தூவி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடு போட்டு எண்ணெயே வழி காட்டும். மிக மெதுவான ஒழுகல் என்றால் ஆயிலில் கலக்கும் புற ஊதாச் சாயமும் அதற்கான விளக்கும் கிடைக்கின்றன. எனக்குப் பவுடரே போதுமானதாக இருந்திருக்கிறது.

அடியில் போகும் முன் ஒன்று. சமதளம், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஜாக்கி தூக்கியபின் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள்.

*பினியன் முனை நனைந்திருந்தால்:* ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (சுழற்சியைக் கொண்டுவரும் நீண்ட தண்டு) டிஃபரன்ஷியலின் சிறு பல்சக்கரமான பினியனோடு சேரும் இடம் இது. பிளேஞ்ச் (இரண்டையும் இணைக்கும் வட்டத் தட்டு) சுற்றும் வேகத்தில் எண்ணெய் வட்டமாக வீசப்பட்டு, மேலே உள்ள தகட்டிலும் ஒரு கோடாகப் படிந்திருக்கும். பினியன் சீல் போயிருக்கிறது என்று சொல்லுமுன் பிளேஞ்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். துளியும் ஆடக்கூடாது. ஆடினால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது, சீல் அதற்குப் பலியானது மட்டுமே. புது சீல் போட்டாலும் சில வாரம்தான்.

ஆட்டமே இல்லை, சீல் மட்டும் மாற்றினால் போதும் என்றாலும் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல டிஃபரன்ஷியல்களில் பினியன் நட்டுக்கு உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கும். நட்டை எவ்வளவு முறுக்கினோம் என்பதுதான் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. கழற்றும் முன் நட்டு, ஷாஃப்ட், பிளேஞ்ச் மூன்றிலும் ஒரே கோடாகக் குறியிட்டு, வெளியே தெரியும் மரைகளையும் எண்ணி வையுங்கள். நீளமான ரெஞ்சைப் போட்டு 'இன்னும் கொஞ்சம்' என்று முறுக்கினால் ஒழுகல் நிற்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் கத்த ஆரம்பிக்கும். சீல் மாற்றியபின் புதிதாகச் சத்தம் வந்த வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

*டிஃபரன்ஷியல் மூடியின் ஓரம் நனைந்திருந்தால்:* பேக்கிங், அல்லது கல்லில் இடித்து மடங்கிய மூடி. சுலபமான வேலை. மூடியைச் சுற்றிப் புது சிலிக்கான் பிதுங்கியிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்: யாரோ அண்மையில் உள்ளே பார்த்திருக்கிறார்கள். ஏன் பார்த்தார்கள்?

*திறந்த நக்கிளில், குழாய் முடியும் இடத்தில் எண்ணெய் வழிந்தால்:* உள் ஆக்சில் சீல். பல ஆக்சில்களில் இது சக்கரத்தருகே இல்லை, உள்ளே டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கிறது. எண்ணெய் குழாய் முழுக்க ஓடி வந்து வெளியே தலை காட்டுகிறது. மாற்ற வேண்டுமானால் இரு ஷாஃப்டுகளையும் உருவி, டிஃபரன்ஷியலையே வெளியே எடுக்க வேண்டிவரும். அவ்வளவு வேலைக்கு இறங்கும் முன் மூச்சுக்குழாயைப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

*மூடிய நக்கிளில் உருண்டை நனைந்திருந்தால்:* மெல்லிய கிரீஸ் படலம் இருப்பது இயல்பு, இருக்கவும் வேண்டும். நீர்த்த கறுப்புச் சாறு வழிந்து டயர் வரை போகிறதென்றால், ஆக்சில் குழாய் முனையில் உள்ளே இருக்கும் ஆயில் சீல் போய், கியர் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்துக் கூழாக்கிவிட்டது. வெளியே உருண்டையைத் துடைக்கும் சீலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நக்கிளின் நிரப்பு மூடியைத் திறந்து ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் சரி. சொட்டினால் நக்கிளை முழுக்கப் பிரித்து, ஜாயிண்டைக் கழுவி, உள் சீல், வெளி சீல், கிங் பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங் மூன்றையும் பார்த்துவிட வேண்டியதுதான்.

*டிரைவ் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் இடம் நனைந்திருந்தால்:* பக்கவாட்டு சீல். ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்து எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். சிறிய அசைவு இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஒன்று மட்டும் அதிகம் ஆடினால் உள்ளே புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது.

சீல் மாற்றியும் மறுபடி ஒழுகுகிறது

என் கதை இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

ஆக்சில் ஓடும்போது சூடாகிறது, உள்ளே காற்று விரிகிறது. அந்தக் காற்று வெளியேற மேலே ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது அடைபட்டால் அழுத்தம் சீல்களின் உதட்டைத் தள்ளிக்கொண்டு, எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். வண்டி ஆறும்போது நேர் எதிராக, வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். சூடான ஆக்சிலோடு தண்ணீரில் இறங்கினால், காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருப்பது அதனால்தான்.

சோதிப்பது எளிது. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, கையுறை போட்டுக்கொண்டு, முகத்தை விலக்கிக்கொண்டு நிரப்பு மூடியை மெல்லத் தளர்த்துங்கள். 'புஸ்' என்று காற்று வந்தால் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறது. சேறு, துரு பிடித்த வால்வு, மடங்கிப்போன ரப்பர் குழாய், பூச்சிக் கூடு, எதுவாகவும் இருக்கலாம். புதுக் குழாய் போடும்போது அதன் முனையை என்ஜின் அறையின் மேல்பகுதிவரை நீட்டி, சின்ன ஃபில்டர் மாட்டிக் கட்டிவிடுங்கள்.

மூச்சுக்குழாய் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி, ஆயில் அதிகமாக ஊற்றியிருக்கிறார்களா என்பது. சமதளத்தில் நிரப்பு மூடியைத் திறந்தால் துளையின் கீழ்விளிம்போடு மட்டம் நிற்பதுதான் பெரும்பாலான ஆக்சில்களில் சரி. திறந்ததும் கொட்டினால் அதிகம்.

அப்புறம் ஷாஃப்டில் விழுந்த பள்ளம். பழைய சீலின் உதடு ஒரே இடத்தில் வருடக்கணக்காக உரசி ஒரு மோதிரக் கோடு போட்டிருக்கும். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் புது சீல் அங்கே பிடிக்காது. மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது பிளேஞ்சையோ ஷாஃப்டையோ மாற்றலாம். சீலைச் சற்றுக் குறைவான ஆழத்தில் அடித்தால் உதடு பள்ளத்தைத் தவிர்த்து உட்காரும் என்றும் சிலர் செய்கிறார்கள், இடமிருந்தால் அதுவும் வேலை செய்கிறது.

கடைசியாக, ஆக்சில் குழாயே வளைந்திருப்பது. கரடுமுரடாக ஓட்டிய சாலிட் ஆக்சில் வண்டியில் இது அரிதல்ல. ஷாஃப்ட் சீலின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக அழுத்தும், எத்தனை சீல் போட்டாலும் அதே பக்கம் ஒழுகும். அந்தப் பக்க டயரின் உள்விளிம்பு தேய்ந்திருக்கிறதா, குழாயில் வெல்டு வைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அலைன்மென்ட் போடும் இடத்தில் இரு பக்க கேம்பரையும் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) அளந்து ஒப்பிட்டால் உறுதியாகிவிடும்.

சத்தம்: எப்போது மாறுகிறது?

எப்படிப்பட்ட சத்தம் என்று வர்ணிப்பதில் பாதி நேரம் வீணாகும். உங்கள் 'கொர்ர்' எனக்கு 'ஊம்ம்'. எதை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்பதுதான் கேள்வி. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், கண்ணாடிகளை ஏற்றி, பாட்டை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

*சாலைப் பரப்பு மாறினால் சத்தம் மாறுகிறது:* டயர். தாரிலிருந்து கான்கிரீட்டுக்குப் போனதும் குரல் மாறினால் பேரிங்கைப் பிரிக்கவே வேண்டாம். டயர் பட்டன்களின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுவழு, மறுதிசையில் ரம்பப் பல் போல் உறுத்தினால் அதுதான். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டால் சத்தமும் பின்னால் போகும்.

*வேகத்தோடு கூடுகிறது, ஆக்சிலரேட்டரைப் பற்றிக் கவலையே படவில்லை:* வீல் பேரிங். ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வளைத்தால் எடை வலது சக்கரத்தின் மேல் சாயும்; அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங்தான் பெரும்பாலும். காது சொல்லும் பக்கத்தை நம்பாதீர்கள். என் வண்டியில் சத்தம் இடது காலடியிலிருந்து வந்ததாகச் சத்தியம் செய்திருப்பேன்.

*ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு குரல், விட்டால் வேறு குரல் அல்லது மௌனம்:* கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) பற்கள். மெல்லிய ஊளை போல, குறிப்பிட்ட வேக வரம்புக்குள் மட்டும் வந்து போகும். ஒன்றைக் கவனியுங்கள்: பார்ட் டைம் 4×4 வண்டியை (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைக்கும் வகை) இருசக்கர இயக்கத்தில் ஓட்டும்போது முன் டிஃபரன்ஷியலில் பளுவே இல்லை. முன் பற்களின் ஊளையைக் கேட்க வேண்டுமானால் மண்சாலையில் நான்கு சக்கரத்தையும் இணைத்துத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

*வேகத்தோடு போகும் கரகரப்பு, ஆனால் சக்கர வேகத்தைவிடக் குரல் உயரமானது:* பினியன் பேரிங். 2.2 மீட்டர் சுற்றளவுள்ள டயர் 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏழரைச் சுற்று சுற்றுகிறது. டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்றால் பினியன் அதே நொடியில் 31 சுற்று. வீல் பேரிங்கின் முனகலும் பினியனின் சீற்றமும் காதில் தனித்தனியாக விழுவது இதனால்தான்.

*மெதுவாகப் போகும்போது கீச் கீச் என்று குருவிச் சத்தம், வேகம் கூடினால் மறைந்து அதிர்வாகிறது:* ப்ரொபெல்லர் ஷாஃப்டின் யு.ஜே. கிராஸ் காய்ந்துவிட்டது. மூடிகளைச் சுற்றிச் செம்பொடி போலத் துரு தெரிந்தால் உறுதி.

*ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மிதித்தால் டக் டக் டக்:* வெளி சி.வி. ஜாயிண்ட். காலி மைதானத்தில் இடவட்டமும் வலவட்டமும் அடித்துப் பாருங்கள். பூட் கிழிந்திருந்தும் இன்னும் சத்தம் வரவில்லை என்றால் கழுவி, புது கிரீஸும் பூட்டும் போட்டுக் காப்பாற்றிவிடலாம். டக் டக் தொடங்கிவிட்டால் கிரீஸ் அதைத் தேற்றாது.

*முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது ஒரே ஒரு 'டங்':* கிராஸ், ஷாஃப்டின் ஸ்பிளைன், சஸ்பென்ஷன் புஷ், டிஃபரன்ஷியலுக்குள் பல் இடைவெளி, எல்லாமே இந்தச் சத்தம் தரும். வெளியே இருப்பவற்றை முதலில் கையால் ஆட்டிப் பார்த்து முடியுங்கள்.

*பிரேக்கைத் தொட்டால் சத்தம் நிற்கிறது:* பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்று கத்தும் தகடாக இருக்கலாம். டிஸ்குக்கும் காப்புத் தகட்டுக்கும் நடுவில் சிக்கிய சிறு கல்லும் உயிர் போகிற மாதிரி கத்தும்; கொஞ்ச தூரம் பின்னால் ஓட்டினால் பல சமயம் தானாக விழுந்துவிடும்.

*நான்கு சக்கரத்தையும் இணைத்து, காய்ந்த தார்ச்சாலையில் இறுக்கமாகத் திருப்பினால் வண்டி திமிறுகிறது, குதிக்கிறது:* பார்ட் டைம் வண்டியில் இது பழுதே இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும், நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முறுக்கு உள்ளேயே சேர்கிறது. பிடிப்புள்ள சாலையில் 4×4-ஐப் போடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

ஹப்பைக் கையால் பூட்டித் திறக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இரு ஹப்பையும் திறந்துவிட்டு, இருசக்கர இயக்கத்தில் ஓட்டினால் முன் ஷாஃப்டுகளும் டிஃபரன்ஷியலும் நின்றுவிடும். சத்தமும் நின்றால் குற்றவாளி ஆக்சிலுக்குள்ளேயோ ப்ரொபெல்லர் ஷாஃப்டிலோ இருக்கிறது. நிற்கவில்லை என்றால் வீல் பேரிங், டயர், பிரேக். வாக்குவம் ஹப் (காற்றை உறிஞ்சித் தானாகப் பூட்டும் வகை) என்றால் ஒரு கூடுதல் சந்தேகம்: குழாயில் காற்று கசிந்து ஹப் பாதி மட்டும் பிடித்தாலும் கரகரவென்று பல் அரைக்கும் சத்தம் வரும்.

இப்படிப் பூட்டித் திறக்கும் ஹப் இல்லாத பார்ட் டைம் வண்டியில் முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். டிரான்ஸ்பர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் இயக்கத்தைப் பிரிக்கும் பெட்டி) பக்கம் ஷாஃப்ட் போல்ட் போட்ட பிளேஞ்சில் இருந்தால் மட்டும். உள்ளே செருகிய வகையில் ஷாஃப்டை உருவினால் அந்தத் துளை வழியே ஆயில் கொட்டிவிடும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் இந்தச் சோதனை வேண்டாம்.

தூக்கி வைத்துப் பார்க்கும்போது

சக்கரத்தை மேலும் கீழுமாக, 12 மணி 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். போகவில்லை என்றால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். 9 மணி 3 மணி இடத்தில் மட்டும் ஆடினால் டை ராடு முனைகளைப் பாருங்கள்.

அடுத்து, ஒரு கையால் காயில் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கெட்டுப்போன பேரிங்கின் கரகரப்பு காதுக்குக் கேட்காதபோதும் ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். நல்ல பேரிங்கில் கை சும்மா இருக்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை, ஆனாலும் எனக்குத் தெரிந்தவற்றில் நம்பகமான சோதனை இதுதான். லீஃப் ஸ்பிரிங் வண்டி என்றால் நக்கிளைத் தொடுங்கள்.

ஒரு ஓட்டம் முடித்து வந்ததும் இரு ஹப்புகளின் சூட்டையும் ஒப்பிடுவதும் உதவும். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங், அல்லது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்.

ஆயிலைத் திறந்து பார்ப்பது

நிரப்பு மூடியை முதலில் திறவுங்கள், வடி மூடியை அப்புறம். பழைய வண்டியில் நிரப்பு மூடி துருப்பிடித்து இறுகியிருக்கும். முதலில் வடித்துவிட்டு, பிறகு நிரப்ப வழியில்லாமல் நிற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வடி மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல நுண்ணிய பொடி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். மெல்லிய செதில்கள் இருந்தால் பேரிங் உரிகிறது. விரலில் எடுக்கக்கூடிய துண்டு, அதிலும் ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தால், அது பல்லின் மூலை. ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

செதிலோ துண்டோ கிடைத்தால் மூடியைக் கழற்றிப் பற்களைப் பார்க்க வேண்டியதுதான். பல டிஃபரன்ஷியல்களில் பல் இடைவெளி 0.13 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் எண்தான் இறுதி. ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இதைச் சரிசெய்வது டயல் கேஜும் பழக்கமும் கேட்கும் வேலை. வேறு எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று சொல்லும் நானே இதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவேன்.

புதிதாக ஊற்றும்போது கையேடு சொல்லும் தடிமனையே ஊற்றுங்கள். பல வண்டிகளுக்கு ஜி.எல்.-5 தரத்தில் 80டபிள்யூ-90. லிமிட்டெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) இருந்தால் அதற்கான சேர்ப்பையும் பாருங்கள். அது இல்லாமல் திருப்பங்களில் தடதடவென்று வரும் அதிர்வைப் பழுது என்று நினைத்துப் பிரித்தவர்கள் உண்டு.

வாங்கும் முன்பே இதெல்லாம் தெரிந்தால்

வண்டி முழுக்க அழுக்காக இருக்க, முன் டிஃபரன்ஷியல் மட்டும் பளிச்சென்று கழுவியிருந்தால், அல்லது அதற்கு மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால், கேளுங்கள். நிரப்பு மூடியைத் திறக்க அனுமதி கேளுங்கள். அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயில் சத்தத்தைக் கொஞ்ச நாளைக்கு அமுக்கிவைக்கும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்ட 4×4 என்றால் உள்ளே முறுக்கு ஏறியே ஓடியிருக்கும். சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டியில் சி.வி. பூட்டுகளும் யு.ஜே. கிராஸும் செங்குத்தான கோணத்தில் உழைத்திருக்கும், அங்கே முதலில் டார்ச் அடியுங்கள்.

வேலை எல்லாம் முடிந்தபின் அடிப்பகுதியை மறுபடி கழுவி, மறுபடி பவுடர் தூவுங்கள். எண்ணெய் பட்ட பிரேக் பேடுகளைத் துடைத்து மாட்டாமல் புதிதாகப் போடுங்கள். நூறு கிலோமீட்டரில் ஒரு முறை, ஐந்நூறில் ஒரு முறை ஆயில் மட்டத்தையும், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பாருங்கள். நான் மூன்றாவது சீலைப் போட்டபின் அட்டையை இரண்டு வாரம் தொடர்ந்து விரித்து வைத்தேன். பதினைந்தாம் நாள் அதில் ஒரே ஒரு சொட்டு இருந்தது. முகர்ந்து பார்த்தேன், பவர் ஸ்டியரிங்.